தூங்க மறுக்கும் லேப்டாப்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைகளுக்கு லட்சக்கணக்கான லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கும் அவை வந்தன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் இன்னோர் இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ அது.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. பட்டு நெய்யும் கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். விளக்குக்கு வேண்டும், படிக்கிற பிள்ளையின் லேப்டாப்புக்கும் வேண்டும். கரன்ட் போன பிறகு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே அப்போது ஒரு லேப்டாப்பின் மதிப்பு.

இரண்டு இயங்குதளம் உள்ள கணினி வைத்திருப்பவர்களிடம் இன்றுவரை ஒரு புகார் உண்டு. அதே லேப்டாப், அதே பேட்டரி. லினக்ஸில் திறந்தால் மட்டும் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபின் இந்தப் புகார் இன்னும் பெருகும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பலவற்றுக்கு லினக்ஸ்தான் அடுத்த வாழ்க்கை. நிறுவுவதற்கு உதவ ஆள் இருக்கிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வலர்கள் தமிழிலேயே பேசிச் சொல்லித்தருகிறார்கள். நிறுவிய பிறகு பேட்டரி ஏன் கரைகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது.

லினக்ஸ் அதிகம் வேலை செய்வதால் சார்ஜ் இறங்குவதில்லை. வேலை இல்லாத நேரத்தில் கணினியின் ஏதோ ஒரு பாகம் தூங்காமல் இருப்பதால்தான் இறங்குகிறது. எது தூங்கவில்லை என்று கண்டறிவதே இந்தப் பழுதுபார்ப்பின் முக்கால் பங்கு.

முதலில் அளவு

‘நாலு மணி நேரம் வந்தது, இப்போது இரண்டரைதான் வருகிறது’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்துக்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன: பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, கணினி அதை என்ன வேகத்தில் செலவழிக்கிறது.

ஆற்றலை வாட்-மணியில் சொல்வார்கள். பேட்டரியின் அடியில் 11.1 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 48 வாட்-மணி கிடைக்கும். கணினி 8 வாட் இழுத்தால் 6 மணி நேரம் வரும், 12 வாட் இழுத்தால் 4 மணி நேரம், 16 வாட் இழுத்தால் 3 மணி நேரம். பேட்டரியில் எந்தக் குறையும் இல்லாமலேயே, 8 வாட்டுக்கு மேல் வெறும் 4 வாட் கூடினால் 2 மணி நேரம் போய்விடுகிறது.

லினக்ஸில் இந்த எண்களைப் பார்க்கத் தனி மென்பொருள் தேவையில்லை. ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘பவர் சப்ளை’, அதற்குள் ‘பேட்’ என்று தொடங்கும் அடைவு. பேட்டரி தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அங்கே சிறுசிறு கோப்புகளாக வைத்திருக்கிறது. ‘எனர்ஜி ஃபுல் டிசைன்’ என்ற கோப்பில் பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு இருக்கும். ‘எனர்ஜி ஃபுல்’ இன்றைய கொள்ளளவு. ‘பவர் நவ்’ இந்த நொடியின் செலவு. எல்லாம் மைக்ரோ அளவில் இருப்பதால் பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். சில கணினிகள் வாட்டுக்குப் பதிலாக ஆம்பியர் கணக்கு மட்டும் தரும். அப்போது ‘கரன்ட் நவ்’, ‘வோல்டேஜ் நவ்’ இரண்டையும் பெருக்கினால் போதும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது தெரிவது கணினியின் செலவு ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது கொள்ளளவுகளைத்தான். 48 வாட்-மணியோடு பிறந்த பேட்டரி இன்று 24 மட்டுமே கொள்கிறது என்றால் பாதி நேரம் போனதற்கு இயங்குதளம் பொறுப்பில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது. கொள்ளளவு நன்றாக இருந்து, எந்தச் செயலியும் திறக்காமல், திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தும் 12, 15 வாட் இழுக்கிறது என்றால்தான் நம் தேடல் தொடங்குகிறது. புதிய லேப்டாப்கள் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 3 முதல் 6 வாட்டில் நிற்கும். பத்தாண்டுப் பழைய கணினி 8 முதல் 10 வாட்டில் நின்றால் அது இயல்பு.

தூக்கத்தின் கணக்கு

ப்ராசஸருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. இதில் செலவாகும் திறன் இரண்டைப் பொறுத்தது: துடிப்பின் வேகம், மின்னழுத்தத்தின் வர்க்கம். வேகத்தைப் பாதியாக்கினால் குறைந்த மின்னழுத்தமே போதும். மின்னழுத்தம் 20 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.8-இன் வர்க்கம் 0.64, அதில் பாதி 0.32. திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் அதே வேலை முடிய இப்போது இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகவே வேலைக்கான ஆற்றல் 0.64 பங்கு. அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் திரையும் நினைவகமும் மற்ற சில்லுகளும் விழித்திருந்து தங்கள் பங்கை இழுக்கின்றன. அதனால் மெதுவாக ஓட்டுவது எப்போதும் சிக்கனமாக அமைவதில்லை. பல வேலைகளில் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதே லாபம். ‘வேகத்தைக் குறை’ என்ற ஒரே அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளும் குறிப்புகள் பல நேரம் பலன் தராததற்கு இதுவே காரணம்.

ப்ராசஸரின் தூக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு. அவற்றை ‘சி’ நிலைகள் என்பார்கள். மேலோட்டமான நிலையில் துடிப்பு மட்டும் நிற்கும். ஆழமான நிலையில் கோர்களுக்கான மின்சாரமே துண்டிக்கப்படும். எல்லா கோர்களும் தூங்கினால் சில்லு முழுவதும், அதாவது ‘பேக்கேஜ்’, தூங்கலாம். இந்தக் கடைசிப் படிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சில்லோடு பேசிக்கொண்டிருக்கும் வட்டு, வைஃபை அட்டை, கிராஃபிக்ஸ் ஆகியவையும் தங்கள் இணைப்பைத் தளர்த்தி ஓய்வுக்குப் போயிருக்க வேண்டும். ஒரே ஓர் இணைப்பு விழித்திருந்தாலும் பேக்கேஜ் ஆழத்துக்கு இறங்காது. அரை வாட்கூட இழுக்காத ஒரு துணைக்கருவி, கணினி முழுவதையும் ஒன்றிரண்டு வாட் கூடுதலாக இழுக்க வைப்பது இப்படித்தான்.

2007 வரை லினக்ஸ் கெர்னலே இந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில அமைப்புகளில் 1000 முறை, கடிகாரத் துடிப்பு ப்ராசஸரை எழுப்பும். 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில், வேலை இல்லாதபோது இந்தத் துடிப்பை நிறுத்திவைக்கும் வசதி சேர்ந்தது. அதற்கடுத்த மாதமே இன்டெல் நிறுவனம் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. அர்யன் வான் டி வென் அதன் பின்னிருந்த முக்கியப் பொறியாளர். கெர்னல் அமைதியானதும்தான், செயலிகள் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்பது தெரிந்தது. ஒன்றும் மாறாத ஒன்றைப் போய்ப் போய்ச் சரிபார்த்துக்கொண்டு, நொடிக்குப் பலமுறை ப்ராசஸரை எழுப்பிய நிரல்கள் பவர்டாப்பின் பட்டியலில் வெளிப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

பவர்டாப் இன்றும் முதல் கருவி. அதன் முதல் பக்கத்தில் யார் எத்தனை முறை எழுப்புகிறார்கள் என்ற கணக்கு இருக்கும். இரண்டாம் பக்கத்தில் ப்ராசஸர் எந்த ‘சி’ நிலையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று தெரியும். சும்மா இருக்கும் கணினியில் கோர்கள் ஆழமாகத் தூங்கியும் பேக்கேஜ் மேல்நிலைகளிலேயே தங்கிவிட்டால், ஏதோ ஒரு கருவி வழி மறிக்கிறது என்று பொருள். ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு செயலிக்கும் நேராக பவர்டாப் காட்டும் வாட் அளவு, கணக்குப் போட்டுச் சொல்லும் மதிப்பீடு. கணினி மொத்தமும் இழுப்பதற்கு பேட்டரி சொல்லும் எண்ணையே நம்ப வேண்டும்.

ஒருவருக்காகத் துளைத்த அட்டை

இணைப்புகள் ஏன் விண்டோஸில் தூங்கி, லினக்ஸில் விழித்திருக்கின்றன? பதில் பெரும்பாலும் ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளிலேயே பதித்துவைத்த மென்பொருளில், இருக்கிறது.

எந்தக் கருவியை எப்படித் தூங்க வைப்பது, எப்படி எழுப்புவது என்ற விவரங்களை லேப்டாப் தயாரிப்பாளர் தாய்ப்பலகையின் ஃபர்ம்வேரில் அட்டவணைகளாக எழுதிவைக்கிறார். இதற்கான பொது விதிமுறை ஏ.சி.பி.ஐ.; இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டது. விதிமுறை எல்லா இயங்குதளத்துக்கும் பொதுதான். ஆனால் தயாரிப்பாளர் தன் அட்டவணையைச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் விண்டோஸில் மட்டும். தறியில் பூ வேலைப்பாட்டை விழ வைக்கும் ஒரு ஜக்கார்டு பெட்டிக்கு அளவெடுத்துத் துளைத்த அட்டைக்கட்டை, ஊசிகளின் எண்ணிக்கை வேறான இன்னொரு பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்று காஞ்சிபுரத்தில் யாரையும் கேட்கலாம். தறி ஓடும், பூ மட்டும் சரியாக விழாது.

இதைச் சமாளிக்க லினக்ஸ் ஒரு வேடம் போடுகிறது. நீ எந்த இயங்குதளம் என்று ஃபர்ம்வேர் கேட்கும். விண்டோஸ் 7-ஐக் குறிக்கும் ‘விண்டோஸ் 2009’ என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால் லினக்ஸ் கெர்னல் ‘ஆம்’ என்கிறது. ‘லினக்ஸா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது. லினக்ஸுக்கென்று தயாரிப்பாளர்கள் எழுதிவைக்கும் பாதைகள் யாரும் நடந்து பார்க்காத பாதைகள். விண்டோஸுக்கான பாதையாவது தேய்ந்த பாதை. அதனால் இந்தப் பொய் தெரிந்தே சொல்லப்படுகிறது.

வேடம் போட்டாலும், விண்டோஸ் எழுதாமல் வைத்திருக்கும் வழக்கங்களையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது. இதற்குச் சரியான உதாரணம் நம் மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அதே 2011-ல் நடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கெர்னலின் 2.6.38 பதிப்பு வந்தது. ஏப்ரலில் வெளியான உபுண்டு 11.04 அதையே பயன்படுத்தியது. பல லேப்டாப்களில் பேட்டரி நேரம் திடீரென்று குறைந்தது. ஃபோரானிக்ஸ் இதழை நடத்தும் மைக்கேல் லாராபெல் கெர்னல் பதிப்புகளை மாற்றி மாற்றி நிறுவி, மின்செலவை அளந்து, எந்த மாற்றத்தில் கோளாறு நுழைந்தது என்று தேடினார். ‘ஏ.எஸ்.பி.எம்.’ என்ற இடத்தில் போய் நின்றது அந்தத் தேடல்.

ப்ராசஸரையும் வைஃபை அட்டை போன்ற கருவிகளையும் இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடத்தை, தரவு ஓடாத நேரத்தில் தூங்க வைக்கும் முறையே ஏ.எஸ்.பி.எம். பல கணினிகளின் அட்டவணையில் ‘இந்தக் கணினி ஏ.எஸ்.பி.எம். ஏற்காது’ என்று ஒரு குறி இருந்தது. ஆனால் அதே ஃபர்ம்வேர், கணினி தொடங்கும்போதே சில கருவிகளுக்கு ஏ.எஸ்.பி.எம்.-ஐ இயக்கியும் வைத்திருந்தது. சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. புதிய கெர்னல் சொல்லை நம்பியது. குறியைப் பார்த்ததும், இயங்கிக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டது. தடங்கள் விழித்துக்கொண்டன. விண்டோஸ் அந்தக் குறியைப் பார்த்தால் அப்பகுதியில் கைவைப்பதே இல்லை; ஃபர்ம்வேர் எப்படி வைத்ததோ அப்படியே விட்டுவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட கெர்னல் டெவலப்பர் மேத்யூ கேரட், லினக்ஸும் அப்படியே நடந்துகொள்ளும்படி திருத்தம் எழுதினார். 2012 மார்ச்சில் வந்த 3.3 பதிப்பில் அது சேர்ந்தது.

ஓர் ஆண்டு முழுக்க எத்தனையோ பேர் தங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கோளாறு, ஒற்றை பிட் குறிக்கு இரண்டு இயங்குதளங்கள் கொண்ட இரண்டு பொருளில் இருந்தது.

யார் யார் விழித்திருக்கிறார்கள்

இன்றைய கெர்னல்களில் அந்தப் பழைய கோளாறு இல்லை. ஆனால் அதே வகைக் கோளாறுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. எந்த வரிசையில் தேடினால் பலன் அதிகம் என்று பார்க்கலாம்.

முதலில் திரை. இது லினக்ஸுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. ஆனாலும் முழு வெளிச்சத்தில் பின்விளக்கு மட்டுமே சில வாட் இழுக்கும். விண்டோஸ் பல கணினிகளில் சார்ஜரைக் கழற்றியதும் வெளிச்சத்தைத் தானே குறைக்கிறது. லினக்ஸ் மேசைச்சூழல்களில் (டெஸ்க்டாப்) சில அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் ஒப்பிடும் முன் வெளிச்சத்தைச் சமமாக்காவிட்டால் ஒப்பீடே தவறு.

அடுத்து, இரண்டாவது கிராஃபிக்ஸ் சில்லு. இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ப்ராசஸருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் பகுதி இருக்க, விளையாட்டுக்கென்று தனியாக என்விடியா சில்லும் உள்ள லேப்டாப்கள் உண்டு. தேவைப்படும்போது மட்டும் அதை எழுப்பும் ‘ஆப்டிமஸ்’ முறையை என்விடியா 2010-ல் கொண்டுவந்தது. லினக்ஸுக்கு அப்போது ஆதரவு தரவில்லை. சில்லு பயன்படாமலேயே நாள் முழுவதும் சூடாகிக்கொண்டிருந்தது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மேடையிலேயே கடுஞ்சொல்லால் திட்டியது பலருக்கு நினைவிருக்கும். தன் லேப்டாப்பில் ஆப்டிமஸ் வேலை செய்யவில்லை என்று பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் அது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் டிரைவர் சரியாக அமையாத கணினியில் இந்த ஒரு சில்லே 5 வாட்டுக்கு மேல் விழுங்கலாம். சும்மா இருக்கும்போதும் விசிறி சுற்றுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். ஃபர்ம்வேர் அமைப்பில் தனிச் சில்லை அணைக்க வழி இருந்தால், விளையாடாதவர்கள் அணைத்துவிடலாம். சில்லின் வெப்பநிலையை நொடிக்கொருமுறை கேட்கும் குட்டிச் செயலிகளும் அதைத் தூங்கவிடாது. அவற்றை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது வட்டு. சாட்டா வட்டுக்கான இணைப்பையும் தூங்க வைக்கலாம். லினக்ஸில் இது நெடுங்காலம் தானாக இயங்கவில்லை. அதிகபட்ச சிக்கன நிலையில் சில வட்டுகள் தடுமாறித் தரவையே கெடுத்தன என்பதால் டெவலப்பர்கள் தொடத் தயங்கினார்கள். அப்போது ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் டி கோட் இதற்கு ஒரு வழி கண்டார். விண்டோஸில் இன்டெல் டிரைவர் எந்த நடுத்தர நிலையைப் பயன்படுத்துகிறதோ அதே நிலையை லினக்ஸிலும் கொண்டுவந்தார். வட்டுத் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே சோதித்த நிலை அது என்பதே அதன் பலம். 2018 மே மாதம் வந்த ஃபெடோரா 28-ல் இது இயல்பாக இயங்கத் தொடங்கியது. சும்மா இருக்கும் லேப்டாப்பில் 1 முதல் 1.5 வாட் வரை மிச்சமானது. வட்டு இழுக்கும் மின்சாரம் மட்டுமே இவ்வளவு இருக்காது; வழி மறித்திருந்த இணைப்பு தூங்கியதும் பேக்கேஜும் ஆழத்துக்கு இறங்கியதன் விளைவு அது. அதே வெளியீட்டில் ஒலிச் சில்லையும் புளூடூத்தையும் தூங்க வைத்ததில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.4 வாட் கிடைத்தது.

நான்காவது வீடியோ. பாடம் பார்க்கும் மாணவருக்கும் பாட்டுக் கேட்கும் பெரியவருக்கும் பேட்டரியின் பெரும் செலவு இங்கேதான். வீடியோவை விரிக்க கிராஃபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று இருக்கிறது. அது செய்தால் செலவு சொற்பம். அந்தச் சுற்றைப் பயன்படுத்த பிரவுசருக்குத் தெரியாவிட்டால் ப்ராசஸர் முழுமூச்சில் அந்த வேலையைச் செய்கிறது. லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ளவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் இதை இயல்பாக்கியது 2023-ல் வந்த 115-ஆம் பதிப்பில்தான். பழைய கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011-ஆம் ஆண்டு இன்டெல் சில்லுகளுக்கு எச்.264 வடிவம் தெரியும். யூடியூப் இப்போது விரும்பி அனுப்பும் வி.பி.9, ஏ.வி.1 வடிவங்கள் தெரியாது. எச்.264 வடிவத்தையே அனுப்பும்படி கேட்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைச் சேர்த்தால், அல்லது தரத்தை 480-க்கு இறக்கினால், விசிறியின் சத்தம் அடங்குவதிலேயே வித்தியாசம் தெரியும்.

இதற்கெல்லாம் பிறகுதான் சிக்கனக் கருவிகள். டி.எல்.பி. என்ற நிரலை நிறுவினால் மேலே சொன்ன அமைப்புகள் பலவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். உபுண்டு போன்றவற்றில் ‘பவர் புரொஃபைல்ஸ் டீமன்’ ஏற்கெனவே இருக்கும். மேசையில் ‘பவர் சேவர்’ என்று தெரிவது அதுதான். இரண்டில் ஒன்று போதும். இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதும்; ஒன்று வைத்ததை மற்றது மாற்றும். பவர்டாப்பிலும் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சிக்கனமாக்கும் வசதி உண்டு. அதைப் போட்டபின் யூ.எஸ்.பி. மவுஸ் சில நொடி தொடாமல் விட்டாலே உறங்கிப்போகும். எரிச்சலில் எல்லாவற்றையும் திருப்பிவிடத் தோன்றும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ‘பவர் நவ்’ எண் என்று போனால் எது உதவியது, எது கெடுத்தது என்று கையோடு தெரிந்துவிடும்.

மூடி வைத்த பிறகு

இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்த லேப்டாப் காலையில் 30-ல் இருக்கிறது என்பது தனி வகைப் புகார். இதற்கு மேலே சொன்ன எதுவும் மருந்தாகாது.

முன்பு லேப்டாப்பை மூடினால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். மற்ற எல்லாம் அணைந்துவிடும். எஸ்-3 என்று இதற்குப் பெயர். செல்போன் போல மூடிய நிலையிலும் அஞ்சல் வாங்க வேண்டும் என்ற ஆசையில் புதிய லேப்டாப்கள் பல இதைக் கைவிட்டு, ‘விழித்தபடி தூங்கும்’ முறைக்கு மாறிவிட்டன. ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தூங்கினால்தான் இந்த முறை வேலை செய்யும். ஒன்று மறுத்தாலும் பைக்குள்ளேயே கணினி சூடாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. 48 வாட்-மணி பேட்டரியில் 8 மணி நேர இரவில் 50 சதவீதம் போனால் 24 வாட்-மணி செலவு; சராசரியாக 3 வாட். அது தூக்கமே இல்லை. ‘சிஸ்’ அடைவில் ‘பவர்’, அதற்குள் ‘மெம் ஸ்லீப்’ என்ற கோப்பைத் திறந்தால் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். அங்கே ‘டீப்’ என்ற சொல்லும் இருந்தால் பழைய எஸ்-3-க்கு மாற வாய்ப்பு உண்டு. ‘எஸ்-2-ஐடில்’, அதாவது விழித்தபடி தூங்கும் முறை, மட்டும் இருந்தால் கெர்னலையும் ஃபர்ம்வேரையும் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணையும் ‘ஹைபர்னேட்’ முறைதான் வழி. அதற்கு வட்டில் நினைவகத்தின் அளவுக்காவது ‘ஸ்வாப்’ இடம் ஒதுக்கியிருப்பது நல்லது.

வெயிலும் வேதியியலும்

எவ்வளவு திருத்தினாலும் பேட்டரிக்கு வயது ஏறும். லித்தியம் அயனி செல்லில் எதிர்மின்வாயின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது செல்லைக் காக்கும் படலம். ஆனால் காலப்போக்கில் அது தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. கொள்ளளவு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுவே. வெப்பம் இந்த வினையை விரைவுபடுத்தும். செல் முழுச் சார்ஜில், அதாவது 4.2 வோல்ட் அருகில், நாள் கணக்கில் நிற்பதும் விரைவுபடுத்தும். காஞ்சிபுரத்து மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது, ஓட்டு வீட்டுக்குள் எந்நேரமும் சார்ஜரில் மாட்டியபடி 100 சதவீதத்தில் இருக்கும் லேப்டாப்புக்கு இரண்டு தீங்கும் ஒன்றாகவே நேர்கின்றன.

பெரும்பாலும் சார்ஜரில் வைத்தே பயன்படுத்துபவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திவைப்பது நல்லது. ஃபர்ம்வேர் இடம் கொடுக்கும் கணினிகளில் கெர்னல் இந்த வரம்பை ஒரு கோப்பாகவே திறந்து வைத்திருக்கிறது; டி.எல்.பி. வழியாகவும் அமைக்கலாம். 2025 மார்ச்சில் வந்த நோம் 48 மேசையில் இதற்கு நேரடியாகவே ஒரு தெரிவு இருக்கிறது. சில மாதம் தொடாமல் வைக்கப்போகும் லேப்டாப்பைப் பாதிச் சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். பேட்டரி உப்பி, தொடுபலகை மேலெழும்பியிருந்தால் எந்த அளவும் எடுத்துப் பார்க்க வேண்டாம். அதைக் குத்தாமல், அழுத்தாமல், சார்ஜில் போடாமல் கழற்றி மாற்ற வேண்டும்.

ஒரு கணினிக்கான அளவு

மேலே சொன்ன கதைகளில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. 2011-ன் கோளாறு எங்கே நுழைந்தது என்று தெரிந்தது, ஒருவர் உட்கார்ந்து பதிப்புக்குப் பதிப்பு மின்செலவை அளந்ததால். ஃபெடோரா 28-ன் மாற்றத்துக்கு முன் ஹான்ஸ் டி கோட் பயனர்களிடம், உங்கள் கணினியில் போட்டுப் பார்த்து முடிவை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். உலகத்திலுள்ள ஒவ்வொரு லேப்டாப்பையும் வாங்கிச் சோதிக்க எந்த டெவலப்பராலும் முடியாது. விண்டோஸுக்கு அந்தச் சோதனையைத் தயாரிப்பாளர் செய்துகொடுக்கிறார். லினக்ஸுக்குப் பெரும்பாலும் அதைச் செய்ய வேண்டியவர் அந்தக் கணினியை வைத்திருப்பவர்.

ஆகவே ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்று உதவி கேட்பதற்குப் பதில் நான்கு விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்: கணினியின் மாடல் பெயர், கெர்னல் பதிப்பு எண், பேட்டரியின் அன்றைய கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும், சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட். பேக்கேஜ் எந்த ‘சி’ நிலைவரை இறங்கியது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு மாடலில் இந்த இணைப்பு தூங்கவில்லை என்று ஒருவர் எண்ணோடு காட்டிவிட்டால், கெர்னலில் அந்த மாடலுக்கென்று ஒரு வரி சேரும். அதே மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்த புதுப்பிப்பில் அது தானாக வந்து சேரும். அரசு ஒரே மாதிரி லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுக்கும் மாநிலத்தில், ஒரு மாணவர் தன் லேப்டாப்பில் எடுக்கும் அளவுக்கு இருக்கும் மதிப்பு மற்ற இடங்களைவிடக் கூடுதல்.